கழுத்து நாடியும் கண்ணொளியும்



உங்கள் தாடை எலும்பிற்குச் சற்றுக் கீழே, குரல்வளையின் ஒரு பக்கத்தில், இரண்டு விரல்களை மெல்ல வைத்துப் பாருங்கள். தோலுக்கு அடியில் ஒரு துடிப்புத் தெரியும். அழுத்த வேண்டா, இரு பக்கத்தையும் ஒருசேரத் தொடவும் வேண்டா. அவ்விடத்தை அழுத்தினால் மயக்கம் வரும் என்பதைப் பண்டைக் கிரேக்கர் அறிந்திருந்தனர். ஆகவே, அங்கு ஓடும் தமனிக்கு அவர்கள் இட்ட பெயரே மயக்கத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. இன்று மருத்துவ நூல்கள் ‘கரோட்டிட்’ என்று வழங்குவது அப்பெயரையே. நாம் அதனைக் கழுத்துத் தமனி என்று அழைப்போம்.

இத்தமனியில் அடைப்பு உண்டானால் கண்பார்வை ஏன் கெடுகிறது, அந்த உண்மையை மனிதர் எவ்வாறு கண்டறிந்தனர், கத்தி கொண்டு அதனைச் சீர்செய்ய எப்போது துணிந்தனர் என்பனவற்றையே இன்று பேசக் கருதுகிறேன். நான் மருத்துவன் அல்லன், வரலாறு கற்பித்தவன். மருந்து எழுதித் தர எனக்கு உரிமை இல்லை; நடந்ததைச் சொல்ல உரிமை உண்டு.

முதலில் ஒரு படம் வேண்டும். வானொலியில் கரும்பலகை இல்லையாதலால் சொல்லாலேயே வரைகிறேன். நெஞ்சிலிருந்து கழுத்தின் இரு மருங்கிலும் ஒவ்வொரு தமனி மேலேறுகிறது. குரல்வளையின் மேல்விளிம்பு மட்டத்தில் அது இரண்டாகக் கவைபடுகிறது. ஒரு கிளை முகத்திற்கும் தலையின் வெளிப்புறத்திற்கும் செல்லும். மற்றொன்று மண்டையோட்டினுள் நுழைந்து மூளைக்குச் செல்லும். உள்ளே செல்லும் அக்கிளை மூளையை அடைந்தவுடன் ஈனும் முதற் பெருங்கிளை எது தெரியுமா? கண்ணுக்குச் செல்லும் தமனியே. அதனின்று பிரியும் நூலிழை போன்ற ஒரு சிறு குழாய்தான் விழித்திரைக்கு இரத்தம் ஊட்டுகிறது. மூளைக்குச் செல்லும் வாய்க்காலில் கண்ணுக்கென ஒரு மடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய்க்காலின் தலைப்பில் குப்பை சேர்ந்தால், அக்குப்பை சில வேளை மூளைக்குப் போகும். சில வேளை மடை வழியே கண்ணுக்குப் போகும்.

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். மூளையின் இடப்பாதி உடலின் வலப்பக்கத்தை ஆள்கிறது. ஆனால் இடக் கழுத்துத் தமனி இடக் கண்ணுக்கே இரத்தம் தருகிறது. எனவே இடத் தமனி பழுதுற்ற ஒருவருக்கு இருள்வது இடக்கண். தளர்வதோ வலக்கையும் வலக்காலும். இந்த மாறுபாடு மருத்துவர்களை நெடுங்காலம் குழப்பியது. பின்னர் அதுவே அவர்களுக்கு வழிகாட்டியும் ஆயிற்று.

கழுத்துத் தமனி அடைபட்ட மனிதரை முதலில் கூர்ந்து நோக்கியவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ். 1664 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட மூளை உடற்கூற்று நூலில், ஒரு பக்கத் தமனி முழுவதும் அடைபட்டிருந்தும் வாழ்நாளில் அதனால் துன்புறாதிருந்த ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். மூளையின் அடியில் தமனிகள் ஒன்றோடொன்று வளையமாக இணைந்திருப்பதால், ஒரு வாய்க்கால் தூர்ந்தாலும் மற்றொன்று தண்ணீர் தரும் என்று அவர் விளக்கினார். அந்நூலுக்குப் படங்கள் வரைந்து உதவியவர், பின்னர் லண்டனில் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டபர் ரென் என்பது சுவையான செய்தி. கட்டடக் கலைஞரின் கை முதலில் மூளையை வரைந்து பழகியது போலும்!

அதன்பின் அறுவை மருத்துவர்கள் கழுத்துத் தமனியைத் தொட்டனர். ஆனால் அவர்கள் செய்ய முடிந்தது ஒன்றே: நூலால் இறுக்கிக் கட்டுவது. லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆஸ்ட்லி கூப்பர் 1805 இல் தமனி வீக்கங் கொண்ட ஒருவருக்கு அவ்வாறு கட்டினார், நோயாளி இறந்தார். 1808 இல் மற்றொருவருக்குக் கட்டினார். அவர் 1821 வரை உயிர் வாழ்ந்தார். கட்டுவது ஓட்டத்தை நிறுத்தும், ஓட்டத்தை மீட்காது. அறுந்த குழாயை ஒழுகாமல் தைத்து இணைக்கும் முறையை அலெக்சிஸ் காரல் 1902 இல் வெளியிட்டு, அதற்காக 1912 இல் நோபெல் பரிசு பெற்றார். அதுவரை எத்தனை திறமை இருந்தும் பயன் இல்லை.

இனிக் கண்ணின் பக்கம் வருவோம். உயிருள்ள மனிதரின் விழித்திரையை எவரும் கண்டதில்லை என்ற நிலை 1851 இல் மாறிற்று. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் உட்புறத்தை நோக்கும் கருவியை அவ்வாண்டில் உலகிற்கு அளித்தார். உடலில் ஒரு தமனியையோ சிரையையோ கத்தியின்றி நேரே காணக்கூடிய ஓர் இடம் இருக்குமாயின் அது விழித்திரைதான். எட்டு ஆண்டுகளில், 1859 இல், பெர்லின் நகரத்துக் கண் மருத்துவர் வான் கிரேபே, எங்கிருந்தோ மிதந்து வந்த துணுக்கு ஒன்று விழித்திரைத் தமனியை அடைத்துக் கண்ணைக் குருடாக்கியதை விவரித்தார். 1875 இல் லண்டனில் கவர்ஸ் என்பார், ஒரே நோயாளியின் கண் தமனியும் மூளைத் தமனியும் ஒருசேர அடைபட்டதைக் கண்டு எழுதினார். துணுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது அனைவரும் இதயத்தையே சுட்டினர். இடைவழியில் உள்ள கழுத்தை எவரும் ஐயுறவில்லை.

ஐயுற்றவர் சிலர் உண்டு. 1905 இல் கியாரி என்ற நோய்க்கூற்று வல்லுநர், கழுத்துத் தமனி கவைபடும் இடத்தில் கொழுப்புப் படிந்து புண்ணாகியிருப்பதையும், அங்கிருந்து துணுக்குகள் மூளைக்குச் செல்லக்கூடும் என்பதையும் எடுத்துக் காட்டினார். 1914 இல் அமெரிக்கர் ராம்சே ஹண்ட், பக்கவாத நோயாளிகளின் கழுத்து நாடியைத் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். இருவர் குரலும் காற்றோடு போயிற்று. இதற்குக் காரணம் எளிது. பிரேதப் பரிசோதனையில் மண்டையைத் திறந்தனர், மார்பைத் திறந்தனர், இரண்டிற்கும் இடையே உள்ள கழுத்தை அறுத்துப் பார்க்கும் வழக்கம் இல்லை. தேடாத இடத்தில் பொருள் எவ்வாறு அகப்படும்? மூளைத் தமனிகள் சில வேளைகளில் தாமாகவே சுருங்கிக் கொள்கின்றன என்று ஒரு விளக்கம் கூறி மருத்துவ உலகம் அமைதி கொண்டது.

உயிருள்ளோரின் கழுத்துத் தமனியைக் காணும் வழியைத் தந்தவர் போர்த்துகல் நாட்டு எகாஸ் மோனிஸ். 1927 இல் அவர், எக்ஸ் கதிருக்குத் தென்படும் மருந்தைத் தமனியினுள் செலுத்திப் படம் எடுத்தார். பத்தாண்டு கழித்து, அடைபட்ட தமனிகளின் படங்களையும் வெளியிட்டார்.

இவ்வரலாற்றின் நடுநாயகம் என்று நான் கருதுவது கனடா நாட்டு மில்லர் பிஷர் என்பாரை. இரண்டாம் உலகப் போரில் கடற்படை மருத்துவராகச் சென்ற அவரது கப்பல் 1941 இல் ஜெர்மானியரால் மூழ்கடிக்கப்பட்டது. மூன்றரை ஆண்டுகள் கைதியாகக் கிடந்து மீண்டு, மான்ட்ரியால் நகரில் நரம்பு மருத்துவத்தில் ஈடுபட்டார். அவரது ஆராய்ச்சிக்கு வித்திட்டது விலையுயர்ந்த கருவி அன்று. ஒரு நோயாளியின் பேச்சு. உடலின் ஒரு பக்கம் செயலிழந்த அம்மனிதர், வாதம் வருமுன் தமக்கு ஒரு கண் அவ்வப்போது சிறிது நேரம் குருடாகித் தெளிந்தது என்றும், அக்கண் வாதம் வந்த பக்கத்தது அன்று, மறுபக்கத்தது என்றும் கூறினாராம். நாமாயிருந்தால் கிழவர் குழறுகிறார் என்று விட்டிருப்போம். பிஷர் விடவில்லை. வலக்கை கால்களை ஆளும் இடமூளைக்கும் இடக்கண்ணுக்கும் பொதுவான இரத்தக் குழாய் எது என்று எண்ணினார். நான் முன்பு சொல்லால் வரைந்த படத்தை நினைவுகூருங்கள். இடக் கழுத்துத் தமனியைத் தவிர வேறில்லை. பின்னர் அவர் இறந்தோரின் கழுத்துகளை அறுத்து ஆராய்ந்தார். அடைப்பு இருந்தது, பெரும்பாலும் கவைபடும் இடத்திலேயே. 1951 இல் அவர் வெளியிட்ட கட்டுரையில், என்றேனும் ஒருநாள் அறுவை மருத்துவர் இவ்வடைப்பைக் கடந்து இரத்தம் செல்ல வழி காண்பர் என்ற நம்பிக்கையையும் தெரிவித்தார்; அதுவும் வாதம் வந்தபின் அன்று, கண் இருளும் அந்த எச்சரிக்கைக் காலத்திலேயே!

அவர் எழுதிய மை உலரும் முன்னரே அது நடக்கத் தொடங்கிற்று. லிஸ்பன் நகரில் சிட் டோஸ் சாண்டோஸ் 1946 இல் கால் தமனி ஒன்றைத் திறந்து, உட்சுவரில் படிந்திருந்த அடைப்பை உரித்தெடுத்துக் காட்டியிருந்தார். பழைய நீர்க்குழாயின் உட்புறத்தில் உப்புப் படிந்து துவாரம் குறுகுவதைக் கண்டிருப்பீர்கள். தமனியிலும் அவ்வாறே கொழுப்பும் சுண்ணாம்பும் படிகின்றன. ஆயினும் தேர்ந்த கைக்கு, உட்படலத்தோடு சேர்ந்து அது ஒரே ஏடாகக் கழன்று வரும். எஞ்சிய சுவர் குழாயாக நின்று வேலை செய்யும். ஹெப்பாரின் என்னும் இரத்தம் உறையாமற் காக்கும் மருந்து கிடைத்ததும் இதற்குப் பெருந்துணை.

1951 இல் அர்ஜெண்டீனாவின் புவெனஸ் அயர்ஸில் கரேயா என்பாரும் அவர் தோழர்களும் ஒருவருடைய கழுத்துத் தமனியின் குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, முகத்திற்குச் செல்லும் கிளையை மூளைக்குச் செல்லும் கிளையோடு இணைத்தனர். 1953 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் டிபேக்கி, 53 வயதான ஒருவரின் தமனியைத் திறந்து அடைப்பை உரித்தெடுத்தார். அந்நோயாளி 19 ஆண்டுகள் வாழ்ந்து இதய நோயால் இறந்தார்.

ஆனால் உலகத்தைத் திரும்பிப் பார்க்கச் செய்தது லண்டன் புனித மேரி மருத்துவமனையில் நிகழ்ந்ததுதான். அறுபத்தாறு வயது மாது ஒருவருக்கு 1953 டிசம்பர் முதல் 1954 மே வரை 33 முறை ஒரு விபரீதம் நேர்ந்தது. வலக்கையும் காலும் தளரும், பேச்சு நிற்கும், இடக்கண் இருளும், சிறிது நேரத்தில் யாவும் தெளியும். ஐந்தரைத் திங்களில் 33 முறை என்றால், அவ்வம்மையார் ஒவ்வொரு நாளையும் எவ்வளவு அச்சத்தோடு கழித்திருப்பார்! மருத்துவப் பேராசிரியர் பிக்கரிங் அவரை ஆராய்ந்தார். எக்ஸ் கதிர்ப் படத்தில் இடக் கழுத்துத் தமனி கவைபடும் இடம் மிகக் குறுகியிருந்தது. 1954 மே 19 ஆம் நாள் ஈஸ்ட்காட், ராப் ஆகிய அறுவை மருத்துவர்கள் துணிந்தனர்.

துணிவு எதில் என்றால், தமனியைத் தைக்கும் நேரம் முழுவதும் அதனைக் கவ்விகளால் மூடிவைக்க வேண்டும். மூளை சில நிமிடங்களுக்கு மேல் இரத்தமின்றித் தாங்காது. மற்றத் தமனிகள் போதிய இரத்தம் தருமா என்பதை முன்னரே அறியவும் வழியில்லை. எனவே நோயாளியின் உடலைப் பனிக்கட்டிப் பைகளால் 28 பாகை செல்சியஸ் வரை குளிரச் செய்தனர். குளிர்ந்த மூளைக்குத் தேவை குறைவு. 28 நிமிடங்கள் ஓட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் குறுகிய பகுதியை வெட்டியெடுத்து, அடித்தமனியையும் மூளைக்குச் செல்லும் கிளையையும் முனையோடு முனை பொருத்தித் தைத்துவிட்டனர். அதன்பின் அவ்வம்மையாருக்கு அத்தொல்லை வரவில்லை. நவம்பர் திங்களில் ‘லான்செட்’ இதழில் செய்தி வெளியாயிற்று.

முதலில் செய்தவர் யார் என்று இன்றும் வாதிடுவோர் உண்டு. கரேயா தம் அறுவையை 1955 இல்தான் அச்சிட்டார். டிபேக்கி 1975 வரை முழுவிவரத்தை எழுதவில்லை. நாளைப் பார்த்தால் அவர்கள் முந்தியோர். ஆனால் பிறர் கற்றுக்கொண்டு செய்யத் தொடங்கியது லண்டன் கட்டுரையைப் படித்தே. என் அளவில், இந்த வழக்கில் தீர்ப்பு லண்டன் பக்கமே சாய்கிறது. எழுதாத ஓலையைப் படிக்க முடியாது.

இதற்குள் கண்ணில் உண்மையில் நடப்பது என்ன என்பதும் தெளிவாயிற்று. பாஸ்டன் நகருக்குச் சென்றுவிட்ட பிஷர், கண் இருண்டுகொண்டிருந்த அந்த வேளையிலேயே ஒரு நோயாளியின் விழித்திரையை நோக்கும் அரிய வாய்ப்பைப் பெற்றார். வெண்ணிறப் பொருள் ஒன்று தமனியின் வழியே மெல்ல நகர்ந்து, கிளைகளில் தங்கி, உடைந்து, மேலே செல்வதைக் கண்ணாரக் கண்டு 1959 இல் எழுதினார். 1961 இல் மேயோ மருத்துவமனையின் ஹாலன்ஹார்ஸ்ட், விழித்திரைத் தமனிகளில் மஞ்சள் நிறமாய் மின்னும் துணுக்குகளைச் சுட்டிக் காட்டி, அவை கழுத்துத் தமனியிலிருந்து உதிர்ந்த கொழுப்புப் படிகங்கள் என்றார். ‘தாமாகச் சுருங்கும் தமனி’ என்ற பழைய விளக்கம் பின்னுக்குப் போயிற்று. தலைப்பில் சேர்ந்த குப்பையே மடையில் வந்து நின்றது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். இவ்வறுவை, போன பார்வையை மீட்டுத் தருவதற்கு அன்று. விழித்திரை இரத்தமின்றிச் சில மணி நேரமே தாங்கும்; முழுவதும் அடைபட்டு அந்நேரம் கடந்துவிட்டால் கழுத்தில் எவ்வளவு திறமையாகத் தைத்தாலும் அக்கண் திரும்பாது. அறுவை காப்பது எஞ்சிய பார்வையையும், அதனினும் மேலாக மூளையையும். விதிவிலக்குப் போன்ற ஒரு நோய் உண்டு. துணுக்கு எதுவும் வாராமல், இரத்த ஓட்டம் மிகக் குறைந்து கண் சிறுகச் சிறுகப் பட்டினி கிடப்பது அது. 1963 இல் கேர்ன்ஸ், ஹாலன்ஹார்ஸ்ட் இருவரும் இதனை விவரித்தனர். அத்தகையோருள் சிலருக்கு அறுவைக்குப்பின் பார்வை நின்று நிலைக்கிறது; சிலருக்குத் தேறுகிறது; சிலருக்கோ இரத்தம் மீண்டதும் கண்ணினுள் நீரழுத்தம் கூடிப் புதிய தொல்லையும் வருகிறது.

நம் வீடுகளில் பெரியோர், ‘கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, பித்தம்’ என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சட்டென எழும்போது இரு கண்ணும் ஒருசேர இருள்வது வேறு. அது பெரும்பாலும் இரத்த அழுத்தம் தாழ்வதால் நேர்வது. நான் கூறுவது, ஒரு கண் மட்டும், வலியின்றி, திரை இறங்கியதுபோல் இருண்டு சில நிமிடங்களில் தெளிவது. வலி இல்லை, தெளிந்தும் விட்டது. எனவே எவரும் மருத்துவரை நாடுவதில்லை. இந்நோயின் கொடுமையே அதன் மென்மையில் இருக்கிறது.

மீண்டும் வரலாறு. நல்ல மருந்து கிடைத்தால் அளவுக்கு மீறி ஊட்டுவது மனித இயல்பு. அமெரிக்காவில் 1971 இல் ஏறத்தாழ 15,000 ஆக இருந்த இவ்வறுவைகள் 1985 இல் 1,07,000 ஆயின. இத்தனை பேருக்கும் வேண்டியதுதானா? அறுவையின்போதே துணுக்கு உதிர்ந்து வாதம் வருவதும் உண்டே! காக்கச் சென்ற கத்தியே தாக்கினால் என் செய்வது?

இக்கேள்வியை எழுப்பியவர்களுள் முன்னிற்பவர் ஹென்றி பார்னெட். கனடாவிலும் லண்டன் என்றோர் ஊர் உண்டு, அவ்வூரினர். முதலில் அவர் வேறோர் அறுவையைச் சோதித்தார். தமனி முழுவதும் அடைபட்டோருக்கு, மண்டையோட்டிற்கு வெளியே உள்ள தமனியை உள்ளே உள்ள மூளைத் தமனியோடு இணைக்கும் நுண்ணிய அறுவையை 1967 இல் சூரிச் நகரில் யாசர்கில் தொடங்கியிருந்தார். காண்போர் வியக்கும் கைத்திறன். 1,377 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அறுவையும் மருந்தும், மற்றவர்க்கு மருந்து மட்டும் அளித்து ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தனர். 1985 இல் வந்த முடிவு: பயன் இல்லை. அறுவை மருத்துவர் பலர் சினங்கொண்டனர். எனினும் அவ்வறுவை வெகுவாகக் குறைந்தது.

அடுத்து, தமனியை உரித்தெடுக்கும் அறுவையையே அதே தராசில் நிறுத்தினார் பார்னெட். இம்முறை முடிவு வேறு. கண் இருண்டோ, கைகால் தளர்ந்தோ தெளிந்தவர்களும், சிறிய வாதம் வந்தவர்களுமாக, தமனி நூற்றுக்கு 70 பங்கிற்கு மேல் குறுகிய 659 பேர். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பக்கத்து வாதம், மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 26 பேருக்கும், அறுவை பெற்றோரில் 9 பேருக்கும் வரும் என்று கணக்கிடப்பட்டது. வேறுபாடு அத்துணைத் தெளிவாக இருந்ததால், இப்பிரிவினரைப் பொறுத்தவரை ஆய்வைக் குறித்த காலத்திற்கு முன்னரே நிறுத்தி, 1991 இல் முடிவை அறிவித்தனர். அறுவையின் விலையும் மறைக்கப்படவில்லை: முப்பது நாட்களுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 6 பேருக்கு வாதமோ இறப்போ நேர்ந்தது. ஐரோப்பாவில் நடந்த ஆய்வும் அவ்வாண்டிலேயே இதே வழியில் தீர்ப்புக் கூறிற்று. பிஷரின் நம்பிக்கை எண்களாக மாற நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

அந்த ஆய்வின் ஏடுகளை மீண்டும் புரட்டியபோது கண்ணைப் பற்றிய தனிச்செய்தி ஒன்றும் கிடைத்தது. 2001 இல் வெளியான கணக்கின்படி, கண் மட்டும் இருண்டோருக்குப் பின்னர் வாதம் வரும் வாய்ப்பு, கைகால் தளர்ந்து தெளிந்தோருக்கு உள்ளதில் ஏறத்தாழப் பாதி. ஆகவே கண் இருண்ட எல்லோரையும் கத்திக்கு அனுப்புவதில்லை. வயது முதிர்ந்தவரா, ஆணா, முன்பே கைகால் தளர்ந்ததோ வாதம் வந்ததோ உண்டா, நடக்கும்போது இரத்தக் குறைவால் கால் வலிப்பவரா, தமனி எவ்வளவு குறுகியுள்ளது என்றெல்லாம் பார்த்தே முடிவு செய்கின்றனர். இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் மருந்துகள், இரத்தக் கொதிப்பை அடக்கும் மருந்துகள் ஆகியவை அறுவை வேண்டுவோர்க்கும் வேண்டாதோர்க்கும் உரியன. தமனியைத் திறவாமல் உள்ளே வலைக்குழாய் வைத்து விரிக்கும் முறையும் வந்துள்ளது. அறிகுறியே காணாதவருக்கு அறுவை தேவையா என்பதில் மட்டும் வல்லுநர் இன்றும் ஒருமனப்படவில்லை.

அறுவை வேண்டியவருக்கு அதனைக் காலம் தாழ்த்தாது, முதல் அறிகுறி கண்ட இரண்டு வாரங்களுக்குள் செய்வதே நன்று என்பது இப்போதைய வழக்கு. பனிக்கட்டிப் பைகள் போய்விட்டன. தேவைப்பட்டால் அடைப்பின் கீழும் மேலும் ஒரு தற்காலிகக் குழலை மாட்டி, தமனி திறந்திருக்கும்போதே மூளைக்கு இரத்தம் செல்லச் செய்கின்றனர். கழுத்தைக் காண ஊசியும் மருந்தும் வேண்டாமல் ஒலியலைக் கருவியே பெரும்பாலும் போதுகிறது. கண் மருத்துவர் விழித்திரையில் ஹாலன்ஹார்ஸ்ட் கண்ட மின்னும் துணுக்கைக் கண்டால், கண்ணாடி எழுதித் தருவதோடு நில்லாமல், நோயாளியை அன்றே கழுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். 2013 இல் அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பக்கவாதத்திற்குப் புதிய இலக்கணம் வகுத்தபோது, மூளை, தண்டுவடம் ஆகியவற்றோடு விழித்திரையையும் சேர்த்தன. இரத்தமின்றி விழித்திரையின் ஒரு பகுதி மடிந்தால் அதுவும் இப்போது பக்கவாத வகையிலேயே எண்ணப்படுகிறது.